ஏழாம் பக்கம்

கல்லுக்கட்டி ஜெராக்ஸ் கடையின் மாடியில்
மாதத்தின் இரண்டாம் ஞாயிறு, நாலரை மணி.
ஒன்பது பேர் வந்தோம், எட்டு நாற்காலி.
மசாலாச் சீயத்தின் எண்ணெய் பட்டு
விக்டோரியா மகாராணி காலத்துக் கதையில்
ஆளுக்கொரு ஜன்னல் திறந்துகொண்டது.

கதை மௌல்மீனில் நடக்கிறது. விடாத மழை.
சீட்டாட்டத்தில் தோற்ற கேப்டன் ஒருவன்
ராத்திரியில் கடன் கேட்டு வருகிறான்.
தரையில் பாய். பாய்மேல் கைப்பெட்டி.
பெட்டிக்குப் பின்னால் ஒரு செட்டி.
பெயர் இல்லை, தொப்பை உண்டு.
கடுக்கன் மட்டும் இரண்டு தடவை மின்னுகிறது.
ஆறாம் பக்கத்தின் கடைசி வரி:
‘செட்டி பேரேட்டை மூடிவிட்டு வாயைத் திறந்து’

எட்டாம் பக்கத்தின் முதல் வரி:
‘மறுநாள் மழை விட்டிருந்தது.’

ஏழு இல்லை.
ஒன்பது பிரதியிலும் இல்லை.
நகல் எடுக்கக் கொடுத்தவள் நான்.

‘துரத்தியிருப்பார்’ என்றார் வயிரவன்.
முப்பத்திரண்டு வருஷம் வங்கியில் இருந்தவர்.
கதை முழுக்க அவன் இவன் என்றிருந்தவனை
அவர் ஒருவர்தான் ‘அவர்’ என்றார்.
‘ஈடு இல்லாமல் யார் கொடுப்பா?
ஆற்றில் போட்டாலும் அளந்து போடணும்.’

‘அளந்த படி யாருது சார்?’
தேவகோட்டைக் கோர்ட்டிலும் கருப்பையா
இதே குரலில்தான் கேட்பார் போல.
‘கொடுத்திருப்பான். கொடுத்ததுக்கு மேலே எழுதியிருப்பான்.
வாயிலிருந்து என்ன வந்திருக்கும்னு
ஒக்கூரில் எங்க வீட்டில் வந்து கேளுங்க.
ரெண்டு குறுக்கம் புஞ்சை போச்சு அந்த வாய்க்கு.’

சம்சுதீன் பெட்டியடிப் பையனைத் தேடினார்.
‘ஒருத்தன் இருந்திருப்பானே, விளக்குக்கு எண்ணெய் ஊத்த?’
தேடி, ஐந்தாம் பக்கத்தில் ஒரு கையைக் கண்டுபிடித்தார்.
கை மட்டும். கதவைத் திறக்கிறது, போய்விடுகிறது.

ஜெசிந்தா ஆராய்ச்சி மாணவி, சிரிக்காமல் சொன்னாள்:
‘வாயைத் திறந்தால் பேசத்தான் வேணுமா?
கொட்டாவியா இருக்கலாம்.’

உமையாள் ஆச்சி அதுவரை பேசவில்லை.
மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, தாளின்மேல் வைத்து,
‘செட்டிக்கு முதல் எழுத்து சின்னதாப் போட்டிருக்கு’ என்றார்.
எல்லாரும் குனிந்தோம். ஆமாம்.
‘நாற்காலி’ என்கிற மாதிரி, ‘கொசு’ என்கிற மாதிரி.
தமிழ் படித்து வளர்ந்த கண்ணில்
சட்டென்று விழாத சங்கதி இது.
நம் எழுத்தில் சின்னது பெரியது கிடையாது,
எல்லாம் ஒரே உயரம், என்றேன்.
‘எழுத்தில்’ என்றார் கருப்பையா.

அப்புறம் வட்டியைப் பற்றி முக்கால் மணி நேரம்.
அதைக் குறிப்பேட்டில் நான் எழுதவில்லை.

ஆறே காலுக்குச் சேவுகன் படியேறி வந்தான்,
மெஷினுக்கு அடியில் விழுந்து கிடந்ததாம்
ஏழாம் பக்கம்.
நான் சத்தமாகப் படித்தேன், வரிக்கு வரி தமிழில்.

‘திறந்து, மறுபடி மூடிக்கொண்டான்.’

அவ்வளவுதான்.
அடுத்து, வாசலில் நனைந்து நிற்கிற கேப்டனின் நாய்.
அதன் தாய் யார்க்ஷயரில் பிறந்தது.
அதன் காது, அதன் விசுவாசம்,
ஒருமுறை பாம்பிடமிருந்து அது காப்பாற்றிய குழந்தை.
பக்கத்தின் அடிவரை நாய்.
பெயர் ஜூனோ.
முதல் எழுத்து, உமையாள் ஆச்சி கேட்கும் முன்னே
நானே பார்த்துவிட்டேன், பெரிசு.

கடன் கிடைத்ததா?
எட்டாம் பக்கத்தில் கேப்டன் மறுபடி சீட்டாடுகிறான்.
கிடைத்திருக்க வேண்டும்.

யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
வயிரவன் தன் பிரதியை நாலாக மடித்தார்,
பிரித்தார், திரும்ப மடித்தார்.
‘மூடியிருக்கக் கூடாது’ என்றார்.
‘இல்லை, மூடியிருக்கவே மாட்டான்’ என்றார் கருப்பையா.
அன்றைக்கு அவர்கள் ஒத்துப்போனது
இந்த ஒன்றில்தான் என்று நினைக்கிறேன்.

குறிப்பேட்டில் வருகையைப் பதிந்தேன். ஒன்பது பேர்.
சேவுகன் பெயரையும் சேர்த்துப் பத்து என்று திருத்தினேன்.

இருட்டினால் வயிரவனுக்கு வண்டி ஓட்டத் தெரியாது.
கருப்பையா பைக்கில் பின்னால் ஏறிக்கொண்டு
செக்காலை ரோடு திரும்புகிறவரை கேட்டது சத்தம்,
ஒன்றே கால் வட்டியா, இரண்டு வட்டியா என்று.